தொட்டி ஓரத்துப் பாசி

ஏரியூர்
2.2.2025

மகள் கனிமொழிக்கு அப்பா பச்சியப்பன் எழுதுவது.

உன் புருஷன் மாதவராஜ் என்னை அறைந்தான். கரிநாளன்று சாயங்காலம், என் வாசலில், என் கட்டிலில் நான் உட்கார்ந்திருந்தபோது, எருதாட்டம் பார்த்துவிட்டு வந்த பதினைந்து பேர் முன்னால் அறைந்தான். இடது காதில் சவ்வு கிழிந்துவிட்டது என்று தருமபுரி டாக்டர் சொல்லிவிட்டார். இதை முதலில் எழுதிவிட்டேன். நலம் விசாரிப்பதெல்லாம் இதற்குப் பிறகுதான்.

நான் என்ன தப்பாகச் சொன்னேன்? குடித்துவிட்டு வண்டி ஓட்டாதே, பின்னால் என் பேத்தி உட்காருகிறாள் என்றேன். என் இடப்பக்கம் உட்கார்ந்திருந்த நீ, "அப்பா சொல்றது சரிதானே" என்றாய். அவ்வளவுதான். அடுத்த நொடி என் காதுக்குள் வேட்டு வெடித்தது. அவன் என் அக்கா மகன். அவன் பிறந்த அன்று பாப்பிரெட்டிப்பட்டி ஆஸ்பத்திரியில் அவன் நாக்கில் சர்க்கரைத் தண்ணீர் தொட்டுச் சேனை வைத்ததே நான்தான். அந்த நாக்கு இதுவரை ஒரு மன்னிப்பு சொல்லவில்லை.

போனில் பேசுங்கள் என்கிறாள் உன் அம்மா. போனில் எனக்குப் பாதி கேட்கவில்லை, நான் கத்துவது தெருவுக்கே கேட்கிறது. எழுத்து மேல். பாலக்கோடு மண்டியில் மூட்டை தூக்கிய காலத்தில், தக்காளிக் கூடையில் எழுதியிருந்த பேர்களைப் பார்த்துப் பார்த்து நானே கற்ற எழுத்து இது. எழுதி வைத்ததை நாளைக்கு இல்லை என்று யாரும் சொல்ல முடியாது.

நீயும் சுசித்ராவும் நலமா? அம்மாவுக்கு முட்டிவலி மட்டும். மற்றபடி நலம்.

அப்பா
பச்சியப்பன்


பெங்களூரு
20.2.2025

அன்புள்ள அப்பாவுக்கும் அம்மாவுக்கும் கனிமொழி வணக்கத்துடன் எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். உங்கள் காது எப்படி இருக்கிறது? சொட்டு மருந்தை விடாமல் போடுங்கள்.

அன்றைக்கு நடந்ததற்கு நான்தான் காரணம். நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். நீங்கள் அதையே நினைத்துக்கொண்டிருக்க வேண்டாம்.

என் போன் இப்போது அவரிடம் இருக்கிறது. எனக்குப் பெரிதாகத் தேவையும் இல்லை. கடிதம் எழுதுவதற்கு அவர் ஒன்றும் சொல்லவில்லை. நீங்கள் எழுதுவதையும் நான் எழுதுவதையும் ஒரு தடவை படித்துவிடுவார், அவ்வளவுதான்.

மாசி பிறக்கும்போதே இங்கே தண்ணீர்ப் பஞ்சம். மூன்றாவது மாடி. லாரி வந்தால்தான் தண்ணீர். ஒரு நாளைக்கு நான்கு பக்கெட். குளியலறைத் தரை காய்ந்தே கிடக்கிறது. நம் வீட்டுக் கிணற்றை நினைத்துக்கொள்வேன். சுசித்ரா உங்களை அஜ்ஜா என்கிறாள். கன்னடத்தில் தாத்தா என்று அர்த்தம், பள்ளிக்கூடத்தில் கற்றது.

உங்கள் மகள்
கனிமொழி


ஏரியூர்
3.3.2025

கனிமொழிக்கு, இங்கே நலம். அங்கேயும் அப்படியே இருக்க வேண்டும்.

நான்தான் காரணம் என்று எழுதியிருக்கிறாய். உன்னை யார் அதைக் கேட்டது? அறைந்தது அவன் கை. வாங்கியது என் காது. நடுவில் நீ எங்கே வந்தாய்? அவனுக்குப் பரிந்து பேசுகிறாய். புருஷன் வீட்டுக்குப் போனால் பெண்களுக்கு அப்பன் அந்நியன் ஆகிவிடுகிறான்.

அவன் படிக்கிறானா, நன்றாகப் படிக்கட்டும். மாதவராஜ், படிக்கிறாயா? என் வாசலில் அடித்தாய். என் வாசலுக்கு வந்து, அதே பதினைந்து பேர் முன்னால் மன்னிப்புக் கேள். அதுவரைக்கும் பங்குனியில் கோயில் கெடாவெட்டுக்கு உனக்கு அழைப்பு இல்லை.

சுசித்ராவுக்கு எள்ளுருண்டை செய்து அம்மா கொடுத்தனுப்புகிறாள்.

பச்சியப்பன்


பெங்களூரு
29.3.2025

அன்புள்ள அப்பா, அம்மாவுக்கு. நலம். எள்ளுருண்டை வந்து சேர்ந்தது.

கெடாவெட்டுக்கு நாங்கள் வரவில்லை. அதில் ஒன்றும் வருத்தம் இல்லை. கோடை விடுமுறையில் ஊருக்கு வரலாமா என்று அவரிடம் கேட்டேன். வேண்டாம் என்றார்.

ஆனால் ஒரு யோசனை சொன்னார். ஆகஸ்ட் பதினைந்தாம் தேதி விடுமுறை. லால்பாக்கில் மலர்க் கண்காட்சி நடக்கும். நீங்களும் அம்மாவும் ஒரு நாள் வந்தால் ஊரைச் சுற்றிக் காட்டுகிறேன் என்கிறார். காலையில் லால்பாக், பிறகு கப்பன் பூங்கா, விதான சவுதா, மெட்ரோ ரயில். அம்மா மெட்ரோ பார்த்ததில்லை. வாருங்கள் அப்பா. எனக்கு உங்களைப் பார்க்க வேண்டும்.

கனிமொழி

மாமா, பழச எல்லாம் விடுங்க. தலைநகரத்துக்கு வாங்க, ராஜா மாதிரி சுத்திக் காட்டறேன். உங்க பொண்ணுக்கு வாய் கொஞ்சம் நீளம். அது நீங்க வளத்த வளப்பு. – மாதவராஜ்


ஏரியூர்
10.4.2025

கனிமொழிக்கு. நலமே.

ஊர் சுற்ற வருகிறேன். எனக்கு ஒரு நிபந்தனை உண்டு. விதான சவுதாவுக்கு முன்னால், போட்டோ எடுக்கிறவர்கள் கூட்டமாக நிற்கும் இடத்தில், உன் புருஷன் என் காலைத் தொட்டு மன்னிப்புக் கேட்க வேண்டும். என் வாசலுக்கு வரக் கூச்சமாக இருந்தால் அவன் தலைநகரத்திலேயே கேட்கட்டும். அங்கே அவனைத் தெரிந்தவர்கள் யார் இருக்கிறார்கள்? கேட்பேன் என்று அவன் கையால் எழுதி அனுப்பினால்தான் நான் பஸ் ஏறுவேன்.

இந்தக் கடிதத்தை நீ அவனுக்கு வாய்விட்டுப் படித்துக் காட்ட வேண்டும். இது என் உத்தரவு. காட்டினாயா என்று பதில் எழுது.

அப்பா


பெங்களூரு
17.6.2025

அன்புள்ள அப்பா அம்மாவுக்கு வணக்கம். நலம்.

பதில் எழுத இரண்டு மாதம் ஆகிவிட்டது. மன்னிக்கவும். கடிதத்தைப் படித்துக் காட்டினேன்.

எழுத்துக் கோணலாக இருக்கும். இடது கையால் எழுதுகிறேன். தொட்டி ஓரத்தில் பாசி வழுக்கிவிட்டது, விழுந்துவிட்டேன். வலது முன்கையில் எலும்பு உடைந்து கட்டுப் போட்டிருக்கிறது. வேறொன்றும் இல்லை. என் கவனக்குறைவுதான்.

மன்னிப்பெல்லாம் வேண்டாம் அப்பா. சும்மா வாருங்கள். லால்பாக் நன்றாக இருக்குமாம்.

கனிமொழி


ஏரியூர்
25.6.2025

மகன் அறிவழகனுக்கு அப்பா எழுதுவது. ஓசூரில் நீயும் மருமகள் சுமலதாவும் நலமா? உன் வாடகைக் கார் நன்றாக ஓடுகிறதா? கேட்க வேண்டியதைக் கேட்டுவிட்டேன். இனி சொல்வதைப் பொறுமையாகப் படி.

உன் தங்கையின் கடிதம் வந்தது. கோழி கிளறியதுபோல இருக்கிறதே என்று திட்டிக்கொண்டே உன் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். அவள் முறத்தில் கேழ்வரகு புடைத்துக்கொண்டிருந்தாள். 'தொட்டி ஓரத்தில் பாசி வழுக்கிவிட்டது' என்ற இடத்தில் முறம் நின்றது.

"இன்னொருவாட்டி படிங்க" என்றாள்.

படித்தேன்.

"மூணாவது மாடியில தொட்டி ஏதுங்க? நாலு பக்கெட்டு தண்ணி வர வூட்டுல பாசி ஏது?"

"வேற எங்கயாச்சும் இருக்கும்" என்றேன்.

"அது இந்த வூட்டுத் தொட்டிங்க. அது நான் சொன்ன சொல்லு. எங்கப்பன் கேட்டப்ப நான் சொன்னன். அவ கதவுக்குப் பின்னால நின்னு கேட்டுக்கிட்டு இருந்தா."

உனக்கு அப்போது ஒன்பது வயது, அவளுக்கு ஆறு. தொண்ணூற்றேழாம் வருஷம். சோறு ஆறிப்போயிருந்தது என்பதற்காக மாடு கட்டும் முளையைப் பிடுங்கி உன் அம்மாவை அடித்தேன். முன்கை இரண்டாக ஒடிந்தது. எலும்பு தோலைத் தள்ளிக்கொண்டு நின்றது. அவள் அப்பா விஷயம் கேள்விப்பட்டு வந்தார். மாட்டுத்தொட்டி ஓரத்தில் பாசி வழுக்கிவிட்டது என்று அவரிடம் சொன்னாள். அவர் தொட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். களியைத் தின்றுவிட்டுக் கடைசி பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

நான் எழுந்து கொடுவாளை எடுத்தேன். உன் அம்மா விடவில்லை. "இன்னும் ஒண்ணு இருக்குது, கேட்டுட்டு வெட்டுங்க" என்றாள். "கரிநாளன்னிக்கு விழுந்த அடி உங்களுக்கு வந்த அடியில்லைங்க. அவளுக்கு வந்தது. அவ குனிஞ்சா, உங்க காதுல பட்டுது. அவ குனிஞ்ச வேகத்த பாத்தீங்களா? புதுசா அடி வாங்கறவ அப்படிக் குனியமாட்டா. எனக்குத் தெரியும்."

ஐந்து மாதமாக என் காது, என் வாசல், என் மானம் என்று எழுதிக்கொண்டிருந்தேன் அறிவழகா. அதை அவன் எதிரில் வாய்விட்டுப் படிக்கவும் வைத்தேன். அவள் கை எந்த நாளில் ஒடிந்தது என்பது எனக்கு இப்போது தெரியும்.

கொடுவாளைத் தீட்டி வைத்திருக்கிறேன். பெங்களூரு போகிறேன். கழுத்தில் ஒன்று போதும். நீ வண்டியை எடுத்துக்கொண்டு வா, இல்லையென்றால் பஸ்ஸில் போகிறேன்.

பச்சியப்பன்


ஓசூர்
2.7.2025

அப்பாவுக்கு அறிவழகன் வணக்கம். நாங்கள் நலம். அம்மாவைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

எனக்கு முன்பே தெரியும். போன வருஷம் சுசித்ரா பிறந்தநாளுக்குப் போனபோது கனியின் கழுத்தில் ஐந்து விரல் பதிந்திருந்தது. அவன் பெல்ட்டால் அடிப்பான், தலைமுடியைக் கையில் சுற்றிக்கொண்டு சுவரில் மோதுவான். சுசித்ராவை அடுத்த அறையில் பூட்டிவிட்டு டிவியைச் சத்தமாக வைத்துவிடுவானாம். கிளம்பினால் பிள்ளையைத் தரமாட்டேன் என்கிறான். எல்லாம் சொல்லிவிட்டு, அப்பாவிடம் மட்டும் சொல்லாதே என்று மகள் தலைமேல் சத்தியம் வாங்கினாள்.

ஏன் தெரியுமா? மாதவராஜுக்குப் பயந்து இல்லை. "அப்பாவுக்குத் தெரிஞ்சா கொடுவாள தூக்குவாரு, இவரு செத்துடுவாரு, அப்பா ஜெயிலுக்குப் போயிடுவாரு, அப்புறம் நான் யாருகிட்ட போறது" என்றாள். உங்களுக்குப் பயந்துதான் அவள் இத்தனை நாள் அடி வாங்கினாள் அப்பா. நானும் உங்களுக்குப் பயந்துதான் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

நீங்கள் கத்தி எடுத்துக்கொண்டு வருவதாக இருந்தால் என் வண்டி வராது. கத்தி இல்லாமல் வருவதாக இருந்தால் சொல்லுங்கள். அவனே அழைத்த நாள் ஒன்று இருக்கிறது. அன்றைக்கு அவன் பூட்டு இல்லாத இடத்தில் அவளும் பிள்ளையும் இருப்பார்கள்.

அறிவழகன்


ஏரியூர்
9.7.2025

அன்பு மகள் கனிமொழிக்கும் மாப்பிள்ளை மாதவராஜுக்கும் பச்சியப்பன் எழுதுவது. இங்கே அனைவரும் நலம். உன் கை தேறி வருகிறதா?

மாப்பிள்ளை அழைத்த பிறகு மறுப்பது முறையில்லை. மன்னிப்பு அது இது என்று நான் எழுதியதெல்லாம் வயசான கோபம். அதை விட்டுவிட்டேன். ஆகஸ்ட் பதினைந்து காலையில் நானும் அம்மாவும் வருகிறோம். கூட்டத்துக்கு முன்னால் லால்பாக் பார்த்துவிடலாம். பெரிய வாசலில் எட்டரை மணிக்குச் சந்திப்போம். வீட்டுக்கு வந்து உங்களுக்குச் சிரமம் கொடுக்கவில்லை.

அம்மாவால் முட்டிவலியோடு அதிக நேரம் நிற்க முடியாது. பூ பார்த்து முடித்ததும் கழிப்பறைக்கு நீதான் அவளைக் கைபிடித்துக் கூட்டிப் போக வேண்டும். சுசித்ராவையும் கூடவே கூட்டிப் போ, கூட்டத்தில் தொலைந்துவிடுவாள். மாப்பிள்ளை என்னோடு உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கட்டும். எங்கேயாவது கேட்பார்களாம், உன்னுடைய, பிள்ளையுடைய ஆதார் அட்டையைப் பையில் வைத்துக்கொள்.

இங்கே ஒரு சேதி. மாட்டை விற்றுவிட்டோம். மாட்டுத்தொட்டியை நான் கடப்பாரையால் இடித்துத் தள்ளிவிட்டேன். ஒரு கல் மிச்சமில்லை. இனி இந்த வீட்டில் யாரும் அதில் வழுக்கி விழ வேண்டியதில்லை. அம்மா இதை உனக்கு எழுதச் சொன்னாள்.

அப்பா


பெங்களூரு
28.7.2025

அன்புள்ள அப்பாவுக்கும் அம்மாவுக்கும் கனிமொழி எழுதுவது. நலம். கட்டுப் பிரித்தாயிற்று. இந்தக் கடிதம் வலது கையால் எழுதுகிறேன்.

உங்கள் கடிதத்தை அவர் படித்துவிட்டுச் சிரித்தார். கிழவன் இறங்கி வந்துவிட்டான் என்றார். அவருக்குச் சந்தோஷம். புதுச் சட்டை எடுத்திருக்கிறார்.

தொட்டியை இடித்தது நல்லது. நான் அந்த வரியைப் பல தடவை படித்தேன்.

அம்மாவை நான்தான் கூட்டிப் போவேன். சுசித்ரா என் கையை விடமாட்டாள். ஆதார் அட்டைகளை எடுத்து வைத்தாயிற்று. கூடவே அவளுடைய பிறப்புச் சான்றிதழும் இருக்கிறது, மெட்ரோவில் பிள்ளையின் வயசைக் கேட்டால் காட்டலாம். அன்றைக்குச் செருப்பு போடாமல் ஷூ போடச் சொல்லி அவளிடம் சொல்லியிருக்கிறேன். நிறைய நடக்க வேண்டியிருக்குமே.

அப்பா, உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். வெறுங்கையோடு வாருங்கள்.

கனிமொழி


ஏரியூர்
6.8.2025

அறிவழகனுக்கு அப்பா எழுதுவது. எனக்கு ஒரு குறையும் இல்லை. மூன்று நாளாக நன்றாகத் தூங்குகிறேன். நீயும் தூங்கி எழுந்து வண்டி ஓட்டு.

கொடுவாளை உன் அம்மா கிணற்றில் போட்டுவிட்டாள். முப்பதடி தண்ணீர். நான் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். மாதவராஜ் பிறந்தபோது சேனை வைத்தது நான். வைத்தவன் குணம் பிள்ளைக்கு வரும் என்று ஆஸ்பத்திரியில் எல்லோரும் சொல்லிச் சிரித்தார்கள். வந்திருக்கிறது. முளை இருந்த இடத்தில் அவனிடம் பெல்ட் இருக்கிறது. என் மகள் வேண்டாம் என்று அழுதபோது, அக்கா மகனுக்குத்தான் கொடுப்பேன் என்று கட்டிக்கொடுத்ததும் நான். அவளுடைய தாத்தா களி தின்றுவிட்டுப் போனார். நான் அப்படிப் போகப் போவதில்லை.

இனி பதினைந்தாம் தேதி யார் யார் என்ன செய்ய வேண்டும் என்பதை எழுதுகிறேன். படித்துவிட்டு, மனப்பாடம் ஆனதும் கிழித்துப் போடு.

நீ காலை ஒன்பது மணிக்குள் கிழக்கு வாசலுக்கு வெளியே வண்டியை ஓசூர் ரோட்டுப் பக்கம் திருப்பி நிறுத்த வேண்டும். டீசல் முதல் நாளே போட்டுவிடு. என்ன ஆனாலும் நீ வண்டியை விட்டு இறங்கக் கூடாது. உன்னைப் பார்த்தால் அவனுக்குப் புரிந்துவிடும்.

சுமலதா கழிப்பறைப் பக்கம் சேலை முக்காடு போட்டுக்கொண்டு நிற்க வேண்டும். மூன்று பேரையும் பார்த்ததும் முன்னால் நடக்க வேண்டும். பேசக் கூடாது, பின்னால் திரும்பக் கூடாது. அவர்கள் அவளைப் பார்த்து நடப்பார்கள்.

உன் அம்மா சுசித்ராவின் இன்னொரு கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும். முட்டி வலித்தாலும் நிற்கக் கூடாது. அவள் நிற்கமாட்டாள்.

கனிமொழி நடந்தால் போதும். அவளுக்கு வேறு வேலை எதுவும் வைக்கவில்லை. வண்டியில் ஏறியதும் யாரும் அவளை ஒரு கேள்வியும் கேட்கக் கூடாது.

ஓசூரில் உன் வீட்டில் இறங்கக் கூடாது. அவன் முதலில் அங்கேதான் வருவான். நேராகத் தருமபுரி ஆஸ்பத்திரி. டாக்டர் கேட்டால், விழுந்தேன் என்று சொல்லாமல் அடித்தான் என்று கனிமொழி சொல்ல வேண்டும். அவளுக்கு அந்தச் சொல் வராது. வராவிட்டால் உன் அம்மா சொல்ல வேண்டும். தன் கதையையும் சேர்த்துச் சொல்லட்டும், என் பேரோடு சொல்லட்டும். அங்கிருந்து மகளிர் காவல் நிலையம். புகாரை நீ எழுதாதே, அவள் வலது கையால் அவளே எழுத வேண்டும்.

பாப்பிரெட்டிப்பட்டிக்குப் போய் நஞ்சம்மாள் அக்காவிடம் சொல்வது என் வேலை. அவள் தன் மகனுக்காக என்னைத் தூற்றுவாள். மண் வாரி இறைப்பாள். அதை நான் நின்று வாங்கிக்கொள்ள வேண்டும்.

அதற்கு முன்னால் எனக்கு இன்னொரு வேலை இருக்கிறது. கண்ணாடி மாளிகைக்கு எதிரில், போலீஸ்காரர்கள் நிற்கும் இடமாகப் பார்த்து, அவனை நான் உட்கார வைக்க வேண்டும். கால் மணி நேரம் அவன் புதுச் சட்டையைப் பற்றிப் பேச வேண்டும். அவன் எழுந்து தேடப் போனால் கையைப் பிடித்து நிறுத்தி, கரிநாளன்று என் மகளை ஏன்டா அடிக்க வந்தாய் என்று ஊர் கேட்கக் கேட்க வேண்டும். மறுபடியும் கேட்க வேண்டும். மூன்றாவது தடவைக்குள் அவன் அடிப்பான், எனக்கு அந்தக் குணம் தெரியும். கூட்டம் பார்க்க, போலீஸ் பார்க்க அடிப்பான். நான் கை ஓங்கக் கூடாது. குனியவும் கூடாது. இன்னும் ஒரு காது மிச்சம் இருக்கிறது.

கூச்சல் கிழக்கு வாசல் வரைக்கும் கேட்கலாம். உனக்குக் கேட்டால், அவர்கள் வண்டியில் ஏறிவிட்டார்களா என்று மட்டும் பார். ஏறியிருந்தால் கதவைச் சாத்திவிட்டு வண்டியை எடு. எனக்காக நிற்காதே.